பச்சை பூசாத துவக்குத்தாங்கி

பிள்ளைகளே, போன கிழமை மூத்தவன் பொத்தான் பிய்ந்த சட்டையோடு பள்ளியால் வந்தான். யாரோடு சண்டை என்று கேட்டேன். காரணத்தைச் சின்னவள்தான் பிறகு என் காதில் போட்டாள். "உங்கட அப்பன் ஆமிக்குச் செஞ்ச சாமானை உடைச்சுப்போட்டு வேலையால துரத்தப்பட்டவன்" என்று ஒருவன் சொன்னானாம்.

அவன் சொன்னதில் பாதி சரி. நான் உடைக்கவில்லை, அரிந்தேன். அறுக்கும் வாளை எடுத்து, எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, என் கையாலே அரிந்தேன். அதனால் வேலை போனதும் மெய்தான். இதற்காக நீங்கள் ஒருவனோடும் கட்டிப் புரளத் தேவையில்லை. தலை குனியவும் தேவையில்லை. இனி யாராவது கேட்டால், "ஓம், எங்கட அப்பாதான் அரிஞ்சவர்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். என்ன நடந்தது என்று தெரிந்தால்தானே அப்படிச் சொல்லலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

மூத்தவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் நான் மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு தோணிப் பட்டறையில் வேலை செய்தேன். பட்டறை போர்த்துக்கேய வழிவந்த ஒரு பறங்கி மனிதருடையது. அவருடைய அப்பனும் பாட்டனும் தச்சர்கள். நாங்கள் அவரை பாஸ் என்றே கூப்பிடுவோம். தோணிக்கு ஏற்ற மரம் கிடைப்பது அரிதாகிப் போனதும், பாஸ் கொழும்புப் பக்கம் போய் பைபர் வேலை பழகிக்கொண்டு வந்தார். வந்து எங்களுக்கும் பழக்கினார்.

பைபர் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும், நான் ஒட்டுப்போடுவதைப் பார்த்திருக்கிறீர்கள். தெரியாத ஆட்களுக்காகச் சொல்கிறேன். கண்ணாடியை நூலாய் இழுத்து, அந்த நூலைப் பாய் போல அமுக்கி வைத்திருப்பார்கள். நாங்களும் அதைப் பாய் என்றுதான் சொல்வோம். அச்சுக்கு மெழுகு தேய்த்து, அதன் மேல் பாயை விரித்து, ரெசின் என்ற பிசினில் இறுகும் மருந்தைக் கலந்து, தூரிகையால் குத்திக் குத்திப் பூச வேண்டும். அது ஊறியதும் மேலே இன்னொரு பாய். இறுகியபின் தட்டினால் மரம் போலச் சத்தம் கேட்கும். பாரம் மட்டும் மரத்தில் பாதியும் வராது.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தத் தோணிக்கு யார் பாய் விரித்தானோ, அவன்தான் அதில் முதலில் ஏற வேண்டும். தனியே ஏறி, வாவி நடுவுக்கு வலித்துப் போய், திரும்பி வர வேண்டும். அதற்குப் பிறகுதான் வாங்க வந்தவன் தோணியில் கை வைக்கலாம். பாஸ் கரையில் சுருட்டோடு நின்று பார்ப்பார். "விரிக்கக்குள்ள எந்த இடத்தில கை சோம்பினது எண்டு அவனுக்குத்தான் தெரியும். அவனே போய் வரட்டும்" என்பார். புதிதாய் வந்தவர்கள் அந்த ஒரு சொல்லுக்காகவே மூலைமுடுக்கெல்லாம் இரண்டு தரம் குத்திப் பூசுவார்கள்.

தெற்கே இளைஞர்கள் கிளர்ந்து அடங்கிய மறு வருடம், எங்கள் பட்டறைக்கு ஒரு ஆமி ஜீப் வந்தது. நாங்கள் எல்லோரும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு நின்றோம். இறங்கி வந்தவர் ஒரு இளம் அதிகாரி. மரியாதையான ஆள்தான், அதையும் சொல்ல வேண்டும். பாஸோடு ஆங்கிலத்தில் பேசினார். பாஸ் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

ஜீப்பின் பின்பக்கத்தில் ஒரு யந்திரத் துவக்கு பூட்டியிருந்தது. அதைத் தாங்க ஒரு இரும்புக் கால், காலின் உச்சியில் இரண்டு கை. அந்தக் கைகளுக்கு நடுவில் துவக்கு படுத்திருக்கும். இரும்பு என்றால் கொஞ்ச நஞ்ச இரும்பு அல்ல. அந்தப் பாரத்தால் ஜீப் கடற்கரை மணலில் புதைகிறதாம். சித்தாண்டிப் பக்கம் ஒரு வட்டை வரம்பில் போகும்போது மேற்பாரம் இழுத்து ஜீப் வயலுக்குள்ளே சரிந்தும் விட்டதாம். பிற நாட்டு ஆமிகளில் துவக்கு பூட்டும் பாகங்களை இரும்புக்குப் பதிலாக இப்படிப் பாரமில்லாத சாமான்களில் செய்து பார்க்கிறார்கள் என்று அதிகாரி எங்கோ வாசித்திருந்தார். உங்களால் பைபரில் ஒரு தாங்கி செய்ய முடியுமா என்று கேட்டார்.

பாஸுக்குப் பெருமை தாங்கவில்லை. "தோணி செய்யிறவனுக்கு இதென்ன, ஒரு கதிரை செய்யிற மாதிரி" என்று எங்களிடம் சொன்னார்.

ஜீப்பை ஓட்டி வந்தவர் ஒரு கோப்ரல். அந்தத் துவக்குக்குப் பின்னால் நின்று சுடுபவரும் அவர்தான். சிங்கள ஆள், குருநாகல் பக்கம். என்னிலும் வயது கூட, வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும். மட்டக்களப்புக்கு வந்து பழகிய தமிழில் வெட்கமில்லாமல் பேசுவார். என்னை மல்லி என்பார், சிங்களத்தில் தம்பி என்று அர்த்தம்; அதிகாரியைச் சேர் என்பார். அளவெடுக்க ஜீப்பைக் கொண்டுவரும் நாட்களில் கவிழ்த்துப் போட்ட தோணி ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

"மல்லி, இது மெதக்குமா?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார்.

"தாங்கியா? மெதக்கும். ஏன்?"

"அப்ப சரி. ஜீப் வாவில விழுந்தா நான் இதப் புடிச்சிக்கிட்டு வாறன். சேர் நீந்தி வருவாரு."

"துவக்கு?"

"துவக்கு கவர்மென்ட் சாமான். கவர்மென்ட் வந்து எடுக்கும்."

அந்தத் தாங்கிக்குப் பாய் விரித்தவன் நான்தான். பாஸ் மரத்தில் அச்சு செய்தார். தோணியின் முன்முனையான அணியத்தை எப்படி வளைப்போமோ அப்படி அழகாய் வளைத்தார். நானும் தோணிக்கு விரிப்பதுபோலவே விரித்தேன். எங்கும் ஒரே கனம், எங்கும் ஒரே வழுவழுப்பு. முடிந்ததும் ஒற்றைக் கையால் தூக்கலாம். பாஸ் அதைத் தோளில் வைத்துக்கொண்டு பட்டறையைச் சுற்றி வந்தார். நாங்கள் சிரித்தோம்.

எங்கே பிழைத்தது என்று எனக்கு இப்போது விளங்குகிறது. தோணியைத் தண்ணீர் உள்ளங்கையால் தள்ளுவதுபோலத் தள்ளும். எங்கும் பரந்து ஒரேயளவாய்த் தள்ளும். துவக்கு அப்படி இல்லை. அது சுடும்போது பின்னால் உதைக்கும். அந்த உதை முழுவதும் போல்ட் பூட்டிய துளைகளில் போய்ச் சம்மட்டியால் அடிப்பதுபோல விழும். துளையைச் சுற்றி இரண்டு மடங்கு கனம் வேண்டும், உள்ளே இரும்புத் தகடு வைத்து மூட வேண்டும். எங்களுக்கு அது அப்போது தெரியாது. பாஸுக்கும் தெரியாது, ஆங்கிலம் வாசித்த அதிகாரிக்கும் தெரியாது. தோணிக்காரர் செய்த தாங்கி அது, தோணி போலத்தான் இருந்தது.

ஜீப்பில் பூட்டும்போது பாஸிடம் கேட்டேன்.

"பாஸ், இதில ஆரு முதல் ஏறுற?"

"என்ன மனே, பகிடியா? அது தோணிக்கு."

"விரிச்சது நான்தானே."

"ஓம் ஓம். நீ போய்ச் சுடு. வாயப் பொத்திக்கிட்டு நட்டை இறுக்கு."

பரீட்சை பார்க்கக் கடற்கரைக்குப் போனோம். ஆள் நடமாட்டம் இல்லாத இடம். நட்டு இறுக்க என்னையும் கூட்டிப்போனார்கள். கோப்ரல் ஏறி நின்று கடலைப் பார்த்துச் சுட்டார். அந்தச் சத்தம் என் பல்லுக்குள்ளே போனது. தாங்கி நின்றது. ஜீப் மணலில் புதையவும் இல்லை. அதிகாரி பாஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் நட்டுகளைப் பார்க்க ஏறினேன். கைகள் இரண்டில் ஒன்றில், துளைகளைச் சுற்றி வெள்ளை விழுந்திருந்தது. நகத்தில் அடிபட்டால் ஒரு வெள்ளைப் புள்ளி வருமே, அப்படி. பைபர் வேலை செய்கிறவன் எவனுக்கும் அது என்னவென்று தெரியும். மேலே ஒன்றும் வெடித்திருக்காது, விரலுக்கும் ஒன்றும் தட்டுப்படாது. உள்ளே பாயிலிருந்து பாய் விடத் தொடங்கியிருக்கும். தோணி கல்லில் மோதி அப்படி வெள்ளை விழுந்தால் நாங்கள் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பாய் விரிப்போம். அது காய நாள் எடுக்கும்.

பாஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. அவர் முகம் மாறியது. அதிகாரியிடம் சொன்னார். ஒளிக்கவில்லை, அந்தளவுக்கு நேர்மையான மனிதர்.

அதிகாரி சொன்னதும் நியாயமில்லாத கதை அல்ல. நாளைக் காலையில் கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் இதைப் பார்க்க வருகிறார். நாளை இன்னும் கொஞ்ச நேரம் சுடுவது, அவ்வளவுதான். இன்றைக்கு நின்றது நாளைக்கும் நிற்கும். அவர் போனபிறகு கழற்றித் தருகிறேன், ஆறுதலாய்த் திருத்துங்கள். வெள்ளையாய் இருப்பது பார்வைக்கு அழகில்லை, பச்சை பூசிவிடுங்கள். இதுதான் அவர் சொன்னது.

இதெல்லாம் நடக்கும்போது கோப்ரல் துவக்குக்குப் பக்கத்திலே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துவக்கின் பின்முனை அவருடைய நெஞ்சுக்கு நேரே இருந்தது. சுடும் நேரத்தில் ஒரு கை விட்டுப்போனால் அது எங்கே வந்து அடிக்கும் என்று பார்க்கப் படிப்புத் தேவையில்லை. அதிகாரி சொன்னது எல்லாம் அவர் காதில் விழுந்தது. அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பட்டறைக்கு வந்தோம். தாங்கியைக் கழற்றி வாசல் மரநிழலில் வாங்குப் பலகையில் வைத்தார்கள். பாஸ் பச்சை மைத் தகரத்தையும் தூரிகையையும் என் கையில் தந்தார். நான் இரண்டையும் கீழே வைத்தேன்.

"நான் பூசமாட்டன் பாஸ்."

"என்னது?"

"பூசினா வெள்ளை மறையும். மறுகா ஆருக்கும் தெரியாது. நான் பூசமாட்டன்."

"நாளைக்கு ஒரு நாள் மனே. ஒரே ஒரு நாள்."

"அப்ப நாளைக்கு நான் துவக்குக்குப் பின்னால நிக்கிறன். விரிச்சவன் நான். பட்டறை வழக்கம் அதுதானே. அவரிட்டச் சொல்லுங்க."

பாஸ் சொல்ல மனமில்லாமல்தான் சொன்னார். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆமித் துவக்கை வெளி ஆள் தொட முடியாது என்றார். அதுவும் சரிதான்.

"அப்ப இது பட்டறையை விட்டுப் போகேலாது" என்றேன்.

"அதச் சொல்ல நீ ஆரு?" பாஸின் குரல் உயர்ந்துவிட்டது. "பட்டறை என்ட. வழக்கமும் நான் வைச்சது. பூசு, இல்லாட்டி வீட்ட போ."

நான் கோப்ரலைப் பார்த்துக் கேட்டேன். "ஐயா, நீங்க சொல்லுங்க. நாளைக்கு நிக்கிறது நீங்கதானே. உங்களுக்குச் சரியா?"

அவர் அதிகாரியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னை.

"எனக்கு என்ன சரி, என்ன பிழ மல்லி. நில் எண்டா நிப்பன். சுடு எண்டா சுடுவன்."

பிள்ளைகளே, அந்தச் சொல் வரும்வரைக்கும் நான் வெறுமனே வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நான் போனால் இன்னொருவன் பூசுவான், அவ்வளவுதானே. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு விளங்கியது. அவருக்கு ஏலாது என்று சொல்ல வழியில்லை. அவர் போட்டிருந்தது சீருடை. நான் போட்டிருந்தது ரெசின் ஒட்டிய சாரம். அந்த இடத்தில் ஏலாது என்று சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான் நின்றேன்.

சுவரில் இரும்பறுக்கும் வாள் தொங்கியது. எடுத்து வந்தேன். தாங்கியின் வெள்ளை விழுந்த கையை முழங்காலால் அமுக்கிக்கொண்டு அரியத் தொடங்கினேன். ஓரம் சீவுகிறேன் என்று அதிகாரி நினைத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. பாதி போனதும்தான் பாஸுக்கு விளங்கியது. ஓடி வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். தன் வீட்டுப் பாஷையில் ஏதோ கத்தினார். நான் விடவில்லை. இழுக்க இழுக்க அரிந்தேன். கை துண்டாகி மணலில் விழுந்தது.

அதிகாரி குனிந்து அந்தத் துண்டை எடுத்தார். அரிந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தார். தேன் நிறம். ஒரு கீறல் இல்லை, ஒரு காற்றுக் குமிழி இல்லை. அவ்வளவு சுத்தமாய் இருந்தது. பாஸிடம் நீட்டினார். பாஸ் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"பாத்தயா? என்ன பிழை இதில? சொல்லு, என்ன பிழை?"

"வெள்ளை துளையடியில. நான் அரிஞ்சது இஞ்சால."

"அப்ப அதையும் அரி. அரிஞ்சு காட்டு."

நான் அரியவில்லை. காட்டுவதற்காக நான் வாளை எடுக்கவில்லை. அது நாளைக்குப் பூட்ட முடியாமல் போனது, எனக்கு அது போதும்.

துளையடியை வேறு யாரும் அரிந்து பார்க்கவும் இல்லை. ஆகவே அந்தத் தாங்கி மறுநாள் நின்றிருக்குமா, விட்டிருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நின்றும் இருக்கலாம். அதை உங்களிடம் மறைக்கமாட்டேன். நின்றிருக்கும் என்று யாராவது வந்து சத்தியம் பண்ணினாலும் நான் செய்தது செய்ததுதான். நின்றிருக்கலாம் என்ற ஒரு சொல்லை நம்பி இன்னொருவனின் நெஞ்சுக்கு முன்னால் ஒரு சாமானைக் கொண்டுபோய் வைக்க நான் தயாரில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அதிகாரி நினைத்திருந்தால் என்னைப் பிடித்து அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. துண்டை வாங்கில் மெதுவாய் வைத்துவிட்டு ஜீப்பில் போய் ஏறினார். கோப்ரல் வண்டியை எடுக்கப் போகும் வழியில் என் பக்கத்தில் நின்றார். நன்றி ஏதும் சொல்வார் என்று நினைக்கிறீர்களா?

"பைத்தியக்கார மனுசன் நீ" என்றார். "இப்ப அந்த இரும்புச் சனியன நான்தான் தூக்கிப் பூட்டணும். சேர் தூக்கமாட்டாரு."

போய்விட்டார்கள். பாஸ் என்னைப் பார்க்காமல் சொன்னார். "போ மனே. கிறுகிப் பாக்காமப் போ."

ஊரில் இந்தக் கதை இரண்டு விதமாய் ஓடுகிறது. ஆமிக்குப் பயந்து, நல்ல சாமானை வெட்டிப்போட்டான் என்று ஒரு கூட்டம். பயந்தவன் பச்சை பூசியிருப்பான், வேலையும் இருந்திருக்கும். இந்தச் சின்ன விஷயம் அவர்களுக்கு விளங்கவில்லை. மற்றக் கூட்டம் இப்போது சில வருடங்களாகத்தான் பேசுகிறது. ஒரு சிங்கள ஆமிக்காரனுக்காகவா பிள்ளைகளின் சோற்றில் மண்ணைப் போட்டாய் என்று என் முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. அந்தத் துவக்கு யாரைப் பார்த்துத் திரும்பும் என்று யோசித்தாயா என்றும் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். அதைக் கேட்கிறவர்கள் நானும் அதை யோசிக்காமல் இருப்பதாக நினைக்க வேண்டாம். இன்றைக்கு ஒருவன் வந்து துவக்குக்குத் தாங்கி செய் என்றால், எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும், என் வாசலால் உள்ளே வரவிடமாட்டேன். அன்றைக்கு நான் விரித்துவிட்டேன். விரித்தபிறகு அதற்குப் பின்னால் நிற்கப்போகிறவன் யார், என்ன சாதி, என்ன பாஷை என்று பார்த்துத்தான் பிழையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்தத் தொழில் எனக்கு வேண்டாம்.

உங்கள் அம்மா அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டா. "நீங்க பூசாட்டி வேற ஆரும் பூசியிருப்பாங்கதானே?" அதனால்தான் அரிந்தேன் என்றேன். "அப்ப சரி, சாப்பிடுங்க" என்றா. பிறகு பட்ட பாடு உங்களுக்கும் கொஞ்சம் நினைவிருக்கும். ஒரு வருடம் போலக் கூலிக்குப் போனேன். அதன் பிறகுதான் நாவற்குடாவில் இந்தக் கொட்டிலைப் போட்டு, உடைந்த பைபர் தோணிகளுக்கு ஒட்டுப்போடத் தொடங்கினேன். பாஸ் என்னை வழியில் கண்டால் தலையாட்டுவார். நானும் ஆட்டுவேன். அவ்வளவுதான். அந்த ஜீப்பைச் சந்தையடியில் ஒருதரம் கண்டேன். பின்னால் பழைய இரும்புத் தாங்கி. கோப்ரல் ஓட்டிக்கொண்டு போனார், என்னைக் காணவில்லை.

அன்றைக்குப் பாஸ் போ என்றதும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். பாலத்தடி வரைக்கும் போய்விட்டேன். அங்கேதான் வாசலில் கிடந்த அரிதூள் நினைவுக்கு வந்தது. அது மரத்தூள் அல்ல, கண்ணாடி. பின்னேரமானால் மீன்காரப் பெண்கள் செருப்பில்லாமல் அந்த மரத்தடியால்தான் கூடையோடு போவார்கள்.

திரும்பிப் போனேன். மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வாங்கில் தாங்கியும் துண்டும் அப்படியே கிடந்தன. நான் அவற்றைத் தொடவில்லை. ஒரு வெறும் தகரத்தில் வாவித் தண்ணீர் அள்ளிவந்து, தூள் பறக்காமல் மெதுவாய் மணலில் தெளித்தேன். ஈர்க்குக்கட்டால் மணலோடு சேர்த்துக் கூட்டி அள்ளினேன். ஆள் மிதிக்காத வேலியோரத்தில் முழங்கை ஆழத்துக்குக் கிடங்கு தோண்டி அதைப் புதைத்து மூடினேன். கூட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்து அங்குமிங்கும் அமுக்கிப் பார்த்தேன். ஒன்றும் குத்தவில்லை. ஈர்க்குக்கட்டைத் தண்ணீரில் அலசிச் சுவரில் சாத்திவிட்டுப் போனேன்.